நானூற்றுப் பதினேழாம் எண் தெத்துப்பல்

இந்த ஊரில் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் பல்லாண்டு என்பவர் செய்து கொடுத்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். சரி, பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். உட்கார்ந்து எண்ணினால் நூற்றுக்கு ஒருவர் தேறுவார். அந்த ஒருவரும் கடைவாயில் கட்டிக்கொண்டவராக இருந்தால் கொட்டாவி விடும்போதுதான் தெரியும். ஆனாலும் சிரிப்பில் கஞ்சத்தனம் பார்ப்பது நல்ல குணம் இல்லை. பாதி என்றே இருக்கட்டும்.

பல்லாண்டு என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பல் செய்யும் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஒரே முக்காலியை ஆண்டுகொண்டிருப்பதால் உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்தது. வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுப்பதுதான் டாக்டர்களின் வேலை. பல் பிறப்பது டாக்டரின் அறையில் இல்லை, ஜன்னல் ஓரம் நீளமேசை போட்ட இந்தக் கூடத்தில்தான். அச்சு ஓர் அட்டைப் பெட்டியில் வரும். பல்லாண்டு அதில் வெள்ளைச் சாந்து ஊற்றி அந்த வாயை அப்படியே வார்த்து எடுப்பார். பிறகு பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகத் தடவி, உலையில் சுட்டு, தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிடிக்காமல் மறுபடியும் சுடுவார். பெட்டியோடு வரும் சீட்டில் ஆளின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதனால் அவருக்கு ஆயிரம் வாய்கள் தெரியும், ஒரு முகமும் தெரியாது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் வாய்விட்டுச் சிரித்தால், "அட, இருநூற்று எட்டு!" என்று மனசுக்குள் வணக்கம் சொல்லிக்கொள்வார்.

ஐம்பத்திரண்டு வயது. சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் அவர், மற்றொன்றில் அவருடைய அக்கா. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள் அவள். கல்யாணப் பேச்சு அவருக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை, "தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?" என்று பெண்ணிடம் கேட்டுவிட்டார். இரண்டாவது தடவை நாக்கை அடக்கிக்கொண்டு பெண்ணிடம் கேட்காமல் இருந்தார். அவளுடைய அப்பாவிடம் கேட்டுவிட்டார்.

இப்படி இருந்தவருக்குத்தான் காதலர் தினத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கடைகளில் சிவப்புத் தாள் இதயங்கள் தொங்கத் தொடங்கியிருந்தன. கீழே சலவைக்கடைக்காரர்கூட, "ஜோடியாக வந்தால் ஒரு போர்வை இலவசம்" என்று எழுதி ஒட்டியிருந்தார். மின்னஞ்சலின் தலைப்பு: "இந்தக் காதலர் தினத்திலும் தனியாகவா?" எழுதியவர் கடல் ஆராய்ச்சிக் கப்பலில் பெண் மருத்துவராம். கீழே ஒரு ரோஜாப் படம்.

"இங்கே சுற்றிலும் தண்ணீர். இன்று என்ன சாப்பிட்டாய் என்று என்னைக் கேட்க ஒருவரும் இல்லை. நீங்கள் இன்று என்ன சாப்பிட்டீர்கள்?"

இந்த மாதிரிக் கடிதங்கள் இந்தப் பருவத்தில் மழைப் பூச்சி போல மொய்க்கும் என்பது பல்லாண்டுக்கும் தெரியும். அழிக்கத்தான் விரலைக் கொண்டுபோனார். ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் அப்போதுதான் காலி செய்த டப்பாவாக எதிரிலேயே இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதையா? "ரொட்டியும் முட்டையும்" என்று தட்டிவிட்டார்.

மறுநாள் பதில் வந்தது: "முட்டை அவித்ததா, பொரித்ததா?"

ஆள் விழுந்தார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவருடைய முட்டையைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டவர் எவரும் இல்லை. மூன்றாம் நாள், கடைவாய்ப் பல் ஒன்றைச் செய்வது எவ்வளவு நுட்பமான காரியம் என்று மூன்று பக்கம் எழுதினார். "உங்கள் கடைவாய்ப் பல் என் இதயத்தைத் தொட்டது" என்று பதில் வந்தது.

"என்ன சார், ரெண்டு நாளா மூஞ்சி ஏ-ஒண்ணு நிறத்துல ஜொலிக்குது?" என்றார் உலையைப் பார்த்துக்கொள்கிறவர். ஏ-ஒண்ணு என்பது நிற அட்டையில் மின்னுகிற வெள்ளைப் பல்.

வீட்டில் அக்கா அதைக்கூடக் கேட்கவில்லை. தம்பி பாத்திரம் துலக்கும்போது முணுமுணுத்த பாட்டைக் கேட்டுவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தாள். "யாருடா அவ?"

பல்லாண்டு சொன்னார். "தினமும் என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்குறாங்கக்கா."

"நான் கேக்கலயா? இத்தனை வருஷமா நாள் தவறாம கேக்குறேனே!"

"நீ டப்பாவக் கழுவுறதுக்குக் கேக்குற."

அக்கா அவர் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கித் தானே கழுவினாள்.

ஐந்தாம் நாள் படம் வந்தது. பல்லாண்டு மற்றவர்களைப் போல முதலில் கண்ணையோ மூக்கையோ பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி வாயைப் பார்த்தார். பார்த்தவர் முக்காலியிலிருந்து எழுந்தார். மேல் வரிசையில், இடது பக்கம், இரண்டாவது பல். பக்கத்துப் பல்லின் தோளில் கை போட்டதுபோல லேசாக ஏறி நிற்கிற தெத்துப்பல். கீழ் ஓரத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு சாய்வு. அந்தச் சாய்வைத் தேய்த்தது அவர் கை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த சீட்டு அது. எண் நானூற்றுப் பதினேழு. "தெத்தாக இருந்து உடைந்த பல். புதிதும் தெத்தாகவே வேண்டுமாம். நேராக்கிக் கொடுத்தால் வாங்க மாட்டாராம்." இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு சீட்டு அவர் பார்த்ததில்லை. வருகிறவர்கள் எல்லாரும் நேராக, வெள்ளையாக, வரிசையாக, முத்தாகக் கேட்பார்கள். கோணலைக் கோணலாகவே கேட்ட அந்த ஒரு ஆளுக்காக அவர் நான்கு தடவை சுட்டார். ஒரு வருஷம் ஆனதும் சாந்து அச்சுகளை உடைத்துப் போட வேண்டும் என்பது கூடத்தின் விதி. நானூற்றுப் பதினேழை மட்டும் அவர் உடைக்கவில்லை. மேல் தட்டில், தூரிகை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஏன் இப்படிக் கேட்டிருப்பார் என்று வேலை ஓய்ந்த வேளைகளில் எடுத்துப் பார்ப்பார்.

இப்போதும் எடுத்தார். திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே பல்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். பல்லாண்டுக்கோ இருந்த சந்தேகமும் போய்விட்டது. மனுஷன் பொய் சொல்லலாம், பல் சொல்லுமா? கப்பல் மருத்துவரும் நானூற்றுப் பதினேழும் ஒரே ஆள்தான்! உடனே எழுதினார்: "உங்கள் இடது பக்கத்துப் பல் நான் செய்தது!" ஐந்து நிமிஷத்தில் பதில்: "ஆம் அன்பே, என் பல் எப்போதும் உங்களுடையது."

சாயங்காலம் அக்கா படத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"டேய், கப்பல்ல சீட் பெல்ட் போடுவாங்களா?"

படத்தில் அந்தப் பெண்ணின் தோளில் ஒரு கறுப்புப் பட்டை குறுக்கே போனது.

"புயல் அடிச்சா போடுவாங்களோ என்னவோ."

"புயல்ல இப்படியா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க?"

"தைரியசாலிக்கா."

எட்டாம் நாள் பொட்டலக் கதை வந்தது. காதலர் தினத்துக்காக அவருக்கு ஒரு பரிசு அனுப்பினாராம். துறைமுகத்தில் பிடித்து வைத்துவிட்டார்களாம். கீழே உள்ள சுட்டியைத் தட்டி ஒரு சிறு தொகை கட்டினால் விட்டுவிடுவார்களாம். பல்லாண்டு வங்கி அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கட்டுவதற்கு முன்னால், ஆறு வருஷமாகத் தொண்டையில் நின்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "ஏன் தெத்தாகவே வேண்டும் என்று சொன்னீர்கள்?"

பதில் வந்தது. "அன்பே, நேரான வெள்ளைப் பற்கள்தான் என் கனவு. உங்கள் கையால் அது நிறைவேறியது."

பல்லாண்டு அதை மூன்று தடவை படித்தார். அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டார். நானூற்றுப் பதினேழு இதைச் சொல்லாது. தலைகீழாகத் தொங்கவிட்டாலும் சொல்லாது.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடிக்கொண்டே இருக்கும் இல்லையா, அப்படித்தான் மதிய நேரம் ஆனதும் கை மின்னஞ்சலைத் தேடியது. அக்கா இந்தத் தடவை குத்திக்காட்டவில்லை.

"அழிச்சுத் தொலை. நடந்தது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா உன் கூடத்துல உன்ன வெச்சே பல் தேய்ப்பாங்க."

அதுதான் அவருக்கும் பயம். இந்த வயதில் முட்டைக் கேள்விக்கு மயங்கினார் என்று தெரிந்தால் அந்த முக்காலியில் எப்படி உட்காருவது? அழிக்கத்தான் போனார். மறுபடியும் அந்தப் படம் சிரித்தது.

"இல்லக்கா. இந்தப் பொண்ணு எங்கேயோ நிஜமா இருக்கு. அதுக்கே தெரியாம அதோட சிரிப்ப எடுத்து ஊர்ல இருக்குறவன எல்லாம் கடிச்சுக்கிட்டிருக்கானுங்க. அது நான் செஞ்ச பல்லு. சும்மா விடுறதா?"

மறுநாள் காலை, நானூற்றுப் பதினேழின் அச்சை அனுப்பிய பல் டாக்டரம்மாவிடம் போய் நின்றார். விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டார், பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"நானூத்திப் பதினேழு யாருன்னு நான் சொல்லக் கூடாது. கூப்பிட்டு விஷயத்தச் சொல்றேன். உங்களப் பாக்க வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்."

அன்று மதியமே கூடத்தின் கதவு திறந்தது. வெயிலில் கறுத்த, குட்டையான ஒரு பெண்மணி. விரலில் கார்ச் சாவி சுழன்றது.

"யாரு சார் என் பல்ல விசாரிச்சது?"

ஊரில் அவரை பிரேக் டீச்சர் என்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழகுகிறவர்களின் வண்டியில் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். அதில் எப்போதும் இவர் கால் இருக்கும். கணவர் என்று ஒருவர் இருந்தார். இப்போது வேறு ஊரில் வேறு ஒருத்திக்குக் கணவராக இருக்கிறார்.

கூடத்தில் அத்தனை தூரிகைகளும் நின்றன. பல்லாண்டு எழுந்தார். யோசித்து வைத்ததெல்லாம் பறந்துபோயிற்று.

"அது... ஆறு வருஷம் ஆச்சுன்னா பல்ல ஒரு தடவை பரிசோதிக்கணும்..."

"பொட்டலம் வரலயான்னு பாக்கணுமா?" என்றார் பிரேக் டீச்சர். "டாக்டரம்மா எல்லாம் சொல்லிட்டாங்க சார். கடுதாசியக் குடுங்க, படிப்போம்."

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கொடுத்தார். உலைக்காரர் உட்பட எல்லாருக்கும் கேட்கும்படி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் ஏமாந்துட்டேன் மேடம். உங்க படத்த வெச்சு ஏமாத்துறாங்க. நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிரேக் டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியும் முட்டையும் தொடங்கி மூன்று பக்கக் கடைவாய்ப் பல் வரை ஒரு வரி விடாமல் படித்தார். "உங்கள் கடைவாய்ப் பல் என் இதயத்தைத் தொட்டது" என்ற இடம் வந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். பல்லாண்டு நிமிர்ந்தார். அவர் செய்த பல் உயிரோடு சிரிப்பதை முதல்முறையாக நேரில் பார்த்தார். அது சாந்து அச்சில் பார்த்ததைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. நான்கு தடவை சுட்டது வீண்போகவில்லை.

"இதுல உள்ள பதில் எதையும் நான் எழுதல சார்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா கடைவாய்ப் பல்லப் பத்தி மூணு பக்கம் எனக்கு யாரும் எழுதுனதும் இல்ல."

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? ஏன் தெத்தாவே வேணும்னீங்க?"

பிரேக் டீச்சர் நாக்கை மடித்து அந்தத் தெத்துப்பல்லின் இடுக்கில் வைத்து ஓர் ஊது ஊதினார். உலைக்காரர் இடுக்கியைக் கீழே போட்டார். தெருவில் போன சைக்கிள் நின்றது.

"என் விசில் இந்த இடுக்குலதான் இருக்கு. மைதானத்தோட அந்த மூலையில ஒருத்தன் சுவத்தப் பாத்து வண்டிய விட்டான்னா வேற எப்படி நிறுத்துறது? பல்ல நேராக்கியிருந்தா என் பொழப்பு போச்சு. நீங்க கட்டின பல்லுல முதல் நாளே ஊதிப் பாத்தேன் சார். பழசவிட அரைக் கட்டை ஜாஸ்தி!"

பல்லாண்டுக்கு ஆறு வருஷத்துப் பாரம் இறங்கியது.

"சரி, இந்தப் படம் எங்க பள்ளியோட இணையதளத்துல இருக்குறது. வண்டிக்குள்ள எடுத்தது, பெல்ட் தெரியுது பாருங்க. உங்க முகவரி அவனுக்கு எப்படிக் கெடச்சுது?"

பல்லாண்டின் காது சிவந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கார் ஓட்டப் பழகலாம் என்று ஓர் ஆசையில் அதே பள்ளியின் இணையதளத்தில் படிவம் நிரப்பியவர் அவர். மின்னஞ்சல் முகவரி எழுதினார். துணை என்ற இடத்தில் "இல்லை" என்றும், வீட்டில் உள்ளவர்கள் என்ற இடத்தில் "அக்கா மட்டும்" என்றும் எழுதினார். பிறகு தைரியம் வரவில்லை, பள்ளிப் பக்கமே போகவில்லை.

"அட, அந்த 'அக்கா மட்டும்' நீங்கதானா!" என்றார் பிரேக் டீச்சர். உடனே அவர் முகம் மாறியது. "அப்ப அவனுங்க படத்த மட்டும் திருடல சார். அந்தப் படிவத்தையும் சேத்துத்தான் தூக்கியிருக்கானுங்க. துணை இல்லன்னு எழுதுன எல்லாருக்கும் இது போயிருக்கும்."

பள்ளியின் படிவங்களைப் புரட்டிப் பார்த்ததில் அப்படி எழுதியவர்கள் முப்பத்தோரு பேர். காதலர் தினத்துக்கு நான்கு நாள். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, சலவைக்கடைக்கு மேலே மேசையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா தொலைபேசியை எடுத்தாள். ஓய்வு பெற்ற பிறகு அவள் முதுகு அவ்வளவு நேராக நிமிர்ந்தது அன்றுதான்.

"வணக்கம். உங்க காதலி விஷயமாப் பேசுறேன். இல்லங்க, காதலி இல்ல. உங்க காதலியோட பல்லச் செஞ்சவரோட அக்கா."

சிலர் வைத்துவிட்டார்கள். அக்கா திரும்பக் கூப்பிட்டாள். அவளிடமிருந்து இணைப்பைத் துண்டித்துத் தப்பியவர் எவரும் இல்லை. பதினாறு பேருக்குக் கப்பல் மருத்துவர் எழுதியிருந்தார். பெண்களுக்கு எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர் எழுதியிருந்தார். அந்தப் பொறியாளரின் படத்தில் இருந்தது பள்ளியின் கணக்கர், அவருடைய புதுச் சட்டையோடு. ஒரு பூக்கடைக்காரரும் ஒரு நூலகரம்மாவும் அன்று மாலையே பொட்டலத்துக்குக் கட்டுவதாக இருந்தார்களாம்.

"அப்ப அவங்க நிஜத்துல இல்லயா?" என்று பூக்கடைக்காரர் கேட்ட குரலில் அக்காவே தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள்.

பிரேக் டீச்சர் தொலைபேசியை வாங்கினார். "இருக்கேன் சார். கப்பல்ல இல்ல, மைதானத்துல. காதலர் தினத்தன்னிக்கு வாங்க, ஒரு பாடம் இலவசம்."

இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பள்ளியின் இரண்டு வண்டிகளும் தாள் இதயம் ஒட்டிக்கொண்டு, மைதானத்தில் வழிகாட்ட வைத்த கூம்புகளை இடித்துத் தள்ளிக்கொண்டு சுற்றின. பூக்கடைக்காரர் ஒரு கூடை ரோஜாவோடு வந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நூலகரம்மா கணக்கரைக் கண்டதும், "என்ன பொறியாளரே, கிணத்துல எண்ணெய் வந்துச்சா?" என்று கேட்க, அவர் வெட்கத்தில் ரசீதுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா ஓரமாக நாற்காலி போட்டு, யாருக்கு அடுத்து யார் என்று இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் வீட்டுக்குப் போகும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

கடைசியாகப் பல்லாண்டின் முறை. ஸ்டியரிங்கைப் பெரிய கடைவாய்ப் பல்லைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, மைதானத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றிவந்தார். வண்டி நின்றதும், ஒரு வாரம் யாரோ ஒரு திருடனுக்கு எழுதிப் பழகிய துணிச்சலில், பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பி நேருக்கு நேராகக் கேட்டார்: "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இதுவரை நான் கதை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த பிரேக் டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"அவரா கேட்டாரு? நான்தான் கேட்டேன். அவரு என் வாயையே பாத்துக்கிட்டு, 'எது சாப்பிட்டாலும் இடது பக்கம் கடிக்காதீங்க'ன்னாரு."